நாலாங்கட்டையில் ஒரு பாலம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்டுவந்தபோது தோட்டத்துச் சனங்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இருக்கட்டும். இன்னும் அரை நாளைக்கு அந்த மகிழ்ச்சி அவர்களுக்கு உண்டு.

மகிழ்ச்சிக்குக் காரணம் ஒரு நடைபாலம். லுக்குட் டவுனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போகும் சாலையை அகலப்படுத்தி நான்கு வழியாக்கப் போகிறார்கள். அதற்கு முன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். முதல் கூட்டத்தில் தோட்டத்தின் சார்பாக எழுந்து நின்று சம்மதம் சொன்னவர் தோட்டத்துத் தலைவர் சுகுமாறன். நாலாங்கட்டைக்குப் பாலம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று அன்று முதல் அவருக்கு ஏக மரியாதை. கோயில் திருவிழாவில் மாலைகூடப் போட்டார்கள்.

அந்தப் பாலத்துக்காக மற்றவர்கள் ஆசைப்பட்டார்கள் என்றால் மாதவி ஏங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அவள் புருஷன் யோகேந்திரன் சாலைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கினான். இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. மண் ஏற்றி வந்த லோரி அவனை நடுச்சாலையில் அடித்துப் போட்டுவிட்டுத்தான் நின்றது. அவனை இறக்கிவிட்ட பஸ்ஸை ஓட்டியவர் அவன் கூடப்பிறந்த அண்ணன் சுகுமாறன்.

தம்பியைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்து அவர் சத்தியம் செய்தார், இந்த இடத்தில் ஒரு பாலம் வராமல் விடமாட்டேன் என்று. அன்றிலிருந்து மாதவியும் மகள் ஷாமினியும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஷாமினிக்கு இப்போது பதினைந்து வயது. அவளுடைய பள்ளிக்கூட பஸ்ஸும் அதே இடத்தில், அதே அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. மகள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்வரை தினமும் மாதவிக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை காலை. லுக்குட் கடைத்தெருவில் ஹசீனா பேகத்தின் சாப்பாட்டுக்கடை. மாதவி அங்கேதான் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். ஹசீனா பேகம் முதலாளியம்மா என்று கல்லாவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற ரகம் இல்லை. மாதவிக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பார். யோகேந்திரன் போன புதிதில் மாதவி வேலைக்கு வராமல் கிடந்த நாளெல்லாம் தோட்டத்துக்குச் சாப்பாடு போனது இந்தக் கடையிலிருந்துதான்.

இன்றைக்கு ஹசீனா பேகம் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மகள் ஃபர்சானாவும் மருமகன் சித்திக்கும் புதிதாக வந்த தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. பேச்சு அங்கே போனது.

"மத்தியானம் கடையைப் பாத்துக்க ஆளு சொல்லியிருக்கேன் மாதவி. டேவான் மண்டபத்துல மீட்டிங். ஃபர்சானா வீட்டு முன்னாடி ரோட்டுக்கு மேல பாலம் கட்டப் போறாங்களாம்லா. புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள அவளுக்கு உசுரு போயி உசுரு வருது."

மாதவிக்குச் சிரிப்பு வந்தது. ஹசீனா அக்கா யாரோ சொன்னதைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"அந்தப் பாலம் எங்களுக்குக்கா. நாலாங்கட்டையில வருது."

"நாலாங்கட்டையா? மருமவன் கிலோமீட்டர் நாலுன்னுதானே சொன்னாரு. தாமான் வாசல்லதான் நாலுன்னு கல்லு நட்டிருக்கு."

மாதவியின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது.

கட்டை என்றால் மைல். சாலையோரத்தில் மைல்கல் இருந்த காலத்தில் தோட்டத்துத் தமிழர்கள் வைத்த பெயர். அந்தக் கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கல்தான் மாறியதே ஒழிய வாய் மாறவில்லை. மூன்றாங்கட்டையில் கள்ளுக்கடை, ஐந்தாங்கட்டையில் மலாய்க்காரர் வாழும் கம்பம், இவர்கள் இருக்கும் தோட்டத்துக்கு நாலாங்கட்டை என்றே பெயர். முறையான பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நாலு மைல் என்பது ஆறு கிலோமீட்டருக்கும் மேல். கிலோமீட்டர் நாலில் இருப்பது தோட்டம் இல்லை, ஃபர்சானாவின் தாமான்.

எங்கள் பக்கத்துக்கு என்ன செய்கிறார்களாம் என்று மாதவி கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஹசீனா பேகம் பூண்டை ஊதிக்கொண்டே, மருமகன் சொன்னதைச் சொன்னார். சாலை நடுவில் ஆட்கள் தாண்டுகிற இடங்களை எல்லாம் கான்கிரீட் சுவர் வைத்து மூடிவிடுவார்கள், பாலம் இருக்கிற இடத்துக்கு நடந்துவந்துதான் இனி எல்லாரும் தாண்ட வேண்டும், பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். இன்றைய கூட்டம்தான் கடைசியாம். இதற்குமேல் யாரும் மறுத்துப் பேச முடியாதாம்.

தோட்டத்திலிருந்து தாமான் வரை வெயிலில் யார் நடப்பார்கள்? சுவரை ஏறித்தான் குதிப்பார்கள். பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு ஷாமினி சுவரின்மேல் உட்கார்ந்திருப்பதும், இறங்குவதற்கு இடம் தேடுவதும் மாதவியின் கண்ணுக்குள் வந்து போனது. அவள் எழுந்துவிட்டாள்.

முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று ஹசீனா பேகம் கேட்டார். தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்றாள் மாதவி. அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

சுகுமாறன் வீட்டுக்கு முன்னால் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மாதவி இந்தக் குடும்பத்துக்கு வாழவந்த நாளிலிருந்து மூத்தார் எதிரில் உட்கார்ந்ததில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஓரகத்தி செல்லத்திடம் சொல்லிவிட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. அவளுக்கு அது பழகிவிட்டது. இன்றைக்கு நேராக பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, பாலம் நம்ம நாலாங்கட்டையில இல்ல. கிலோமீட்டர் நாலுல."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்த கை மட்டும் மெதுவானது.

"தெரியும்" என்றார்.

மாதவிக்கு அது காதில் விழுந்து மனதில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். போன வாரம் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது தாமான் வாசலில் அளவெடுக்கிறவர்கள் சிவப்புத் துணி கட்டிய குச்சி அடித்துக்கொண்டிருந்தார்களாம். நிறுத்திக் கேட்டிருக்கிறார். பாலம் இங்கேதான் என்றார்களாம். அந்த நிமிடமே அவருக்கு விளங்கிவிட்டது. தினம் அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே பஸ் ஓட்டுகிற மனிதர். ஆனால் கூட்டத்தில் அதிகாரி அம்மாள் மலாயில் எம்பாட், அதாவது நாலு, என்று சொன்னதும், நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லுங்கள் என்றதும், அவர் வாயில் வந்தது நாலாங்கட்டை. கேட்டவர்களும் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தச் சாலையில் நாலு என்றால் அவர்களுக்கு ஒரே ஓர் இடம்தான். எல்லாரும் கை தூக்கினார்கள்.

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"மாலை போட்டாங்க. அது கெடக்குது, கழட்டிப் போட்டுறலாம். உங்கிட்ட எந்த மூஞ்சியோட வந்து சொல்லுவேன்?"

தண்ணீர்க் குழாய் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை மூடவில்லை. மாதவிக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்லம் உள்ளேயிருந்து வந்து மாதவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் அவர் ராத்திரியில் தம்பி பேரைச் சொல்லி எழுந்து உட்காருகிறார், ஊரே பார்க்கிற இடத்தில் அவரைத் தலைகுனிய வைத்துவிடாதே என்று கெஞ்சினாள்.  கடைசியில் சுகுமாறனே வாய் திறந்தார். மத்தியானம் கூட்டத்தில் தானே எழுந்து சொல்லிவிடுவதாகவும், யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். மாதவி நம்பினாள். அவர் சொன்னால் செய்கிறவர்தான்.

டேவானுக்கு எல்லாரும் சுகுமாறனின் பஸ்ஸில்தான் போனார்கள். தோட்டத்து ராக்கம்மா ஒரு டின் முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தாள், கூட்டம் முடிந்ததும் அதிகாரிகளுக்கும் கொடுக்க வேண்டுமாம். வழியெல்லாம் பாலத்தைப் பற்றித்தான் பேச்சு. படி எந்தப் பக்கம் வரும், மழைக்குக் கூரை போடுவார்களா, சைக்கிளை ஏற்ற முடியுமா. சுகுமாறன் சாலையையே பார்த்து ஓட்டினார். தாமானைத் தாண்டும்போது மாதவி சன்னல் வழியாகப் பார்த்தாள். சிவப்புத் துணிகள் வரிசையாகக் காற்றில் ஆடின.

மண்டபத்தின் ஒரு பக்கம் தோட்டத்து ஆட்கள், மறு பக்கம் தாமான்காரர்கள். நடுவில் பலகையில் சாலையின் பெரிய வரைபடம். தாமான்காரர்கள் சுற்றி நின்று விரலை வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்து ஆட்கள் யாரும் கிட்டே போகவில்லை. நம் தலைவர்தான் எல்லாம் பார்த்துவிட்டாரே என்று இருந்துவிட்டார்கள். ஹசீனா பேகம் மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். மாதவியைப் பார்த்ததும், தலைவலி எப்படி இருக்கிறது என்று கையாலேயே கேட்டார். மாதவி தலையை ஆட்டினாள்.

அதிகாரி இளவயது மலாய்ப் பெண், எல்லாரும் மரியாதையாகப் புவான் என்று கூப்பிட்டார்கள். நல்ல மாதிரி. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, தோட்டத்துத் தரப்பில் ஏதாவது மறுப்பு உண்டா என்று கேட்டார்.

சுகுமாறன் முன்வரிசையில் இருந்தார். மாதவி இரண்டு வரிசை பின்னால். அவருடைய பிடரி தெரிந்தது, அதில் வேர்வை தெரிந்தது. நாற்காலிக் கையை அவர் இறுக்கிப் பிடிப்பதும் தெரிந்தது. எழுந்திருக்கப் போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். பின்வரிசையில் யாரோ, எல்லாம் சரிதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதிகாரி தாளைப் புரட்டினார். பக்கத்தில் ஷாமினி கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. மாதவி மகளைப் பார்த்தாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

மறுப்பு உண்டு என்று மலாயில் சொன்னாள். 

அவளுக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில்தான் பேசினாள். எங்கள் ஊரில் சாலைக்குக் கிலோமீட்டர் கிடையாது, கட்டைதான். நாலு என்று நீங்கள் சொன்னது ஒன்று, நாலு என்று நாங்கள் கேட்டது வேறொன்று. எங்கள் வாசலில் பாலம் வருகிறது என்றுதான் எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கள் வாசலுக்கு வருவது சுவர் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. முன்னால் இருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், பாத்து எம்பாட், நாலாங்கட்டை, என்று மலாயில் முணுமுணுத்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் ஐந்தாங்கட்டைக்காரர். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

தோட்டத்துப் பக்கம் சலசலப்பு எழுந்தது. எதிரே ஹசீனா பேகத்தின் முகம் மாறுவதை மாதவி பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்வையை அதிகாரியின் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"எம் புருஷன் அங்கதான் புவான் செத்தாரு. எம் மக தினம் அங்கதான் தாண்டுறா." இதை மட்டும் அவள் தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு நினைவு வந்து மலாயில் சொன்னாள்.

அதிகாரி தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். போன கூட்டத்தில் தோட்டத்துப் பிரதிநிதி எல்லார் சார்பிலும் ஒப்புக்கொண்டது பதிவாகியிருக்கிறது என்றார். ஒருவர் மட்டும் மறுத்தால் குறித்துக்கொள்ளத்தான் முடியும். ஒப்புக்கொண்டவரே தவறு என்று சொன்னால் மறுபடி எடுத்துப் பேசலாம். அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

சுகுமாறன் எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டித் தன் சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"மாதவி சொல்றது நெசம். அன்னைக்கு நான் சொன்னது புரியாம சொன்னது. தெரிஞ்சதுக்கப்புறம் ஒரு வாரமா வாயத் தொறக்காம இருந்தேனே, அது புரியாம செஞ்சதில்ல."

அப்புறம் அதிகாரியிடம் மலாயில் அதையே சுருக்கமாகச் சொன்னார்.  ராக்கம்மா மடியில் இருந்த முறுக்கு டின்னை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், இதுக்காடா மாலை போட்டோம் என்றான். சுகுமாறன் காதில் அது விழுந்தது. செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி பக்கத்தில் இருந்தவர்களோடு கலந்து பேசிவிட்டு வந்தார். இந்தச் சாலைக்கு ஒரு பாலம்தான், அது மட்டும் மாறாது என்றார். எங்கே வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டால், அந்த இடத்துக்கு எழுதி அனுப்புவோம். தரப்புக்கு ஒருவர். செவ்வாய்க்கிழமை இங்கேயே. ஒத்துப்போகவில்லை என்றால் திட்டம் இப்போது இருக்கிறபடியே நிற்கும், பாலம் கிலோமீட்டர் நாலில்.

 பழக்கத்தில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சுகுமாறனைத்தான் பார்த்தார்கள்.

"நான் வேணாம்" என்றார் அவர். "எந் தம்பி பொண்டாட்டி போவட்டும்."

தாமான் பக்கத்தில் சித்திக் எழுந்து, தான் வெளியூர் வேலைக்குப் போகிறவன் என்றான். ஃபர்சானா தோளில் தூங்கும் பிள்ளையோடு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுத்து, சமையல்கட்டு வாசலில் தூளி ஆட்டியவள் மாதவி. ஃபர்சானாவின் வீடு ஹசீனா பேகத்தின் பெயரிலும்தான் இருக்கிறது. அவர் மெதுவாகக் கை தூக்கினார்.

கூட்டம் கலைந்தது. மாதவி வேகமாக வெளியே வந்து பஸ்ஸை நோக்கி நடந்தாள். யார் கண்ணிலும் படாமல் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஹசீனா பேகம் அவளுக்கு முன்பே வந்து மரத்தடியில் நின்றிருந்தார்.

"காலையில எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மாதவி. உனக்குச் சொன்னதே நாந்தானே."

 சொல்லியிருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே எழுந்திருக்க முடிந்திருக்காது என்று சொல்ல நினைத்தாள் மாதவி. வந்தது வேறு.

"பயந்துட்டேன்கா."

"எம் பேரப்புள்ளைக்கும் அதே லோரிதான் வருது."

"தெரியும்கா."

ஹசீனா பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கோபப்பட்டிருந்தால் மாதவிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. பெற்றவள் பெற்றவளைப் பார்க்கிற பார்வை அது, அதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலையில கடையில வெங்காயம் நறுக்கணும்" என்றார். "செவ்வாக்கெழம அந்த மேசையில உனக்கு எதிர உக்காந்திருப்பேன். ரெண்டுக்கும் வந்துரு."